தடை என்ன? திருநங்கையரும் திருச்சபையும்

பெங்களூரில் உள்ள தமிழ்ச் சபைகள் பலவற்றில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஞாயிறு ஆராதனையில் ஆண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். பெண்கள் மறுபக்கம் உட்காருவார்கள். குடும்பத்தோடு சேர்ந்து உட்காரும் சபைகளும் இப்போது பெருகி வருகின்றன. ஆனாலும் நடுவழிக்கு இந்தப் புறம் வேட்டியும் கால்சட்டையும், அந்தப் புறம் சேலையும் என்ற காட்சி இன்னும் மறைந்துவிடவில்லை.

அப்படியானால், கோவிலுக்கு வரும் ஒரு திருநங்கை எந்தப் பக்கம் உட்காருவார்?

சின்னக் கேள்விதான். ஆனால் இதன் பின்னால் பல கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. நற்கருணை வாங்க யாரோடு எழுந்து போவார்? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சேர்த்துக்கொள்வார்களா? சபை ஏட்டில் எந்தப் பெயரை எழுதுவார்கள்? ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் பழைய பெயர் என்னாகும்? கடைசியில், கல்லறைத் தோட்டத்தில் ஆறடி நிலம் கிடைக்குமா?

சபைக்கு வெளியே நிற்பவர்களுக்கு இவை பெரிய விஷயமாகத் தோன்றாது. சபைக்குள் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, பிறகு ஒருநாள் வீட்டையும் சபையையும் ஒருசேர இழந்தவர்களுக்கு இதுதான் வாழ்க்கை.

எத்தனை பேர்?

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்ற இரண்டோடு “மற்றவர்” என்ற பிரிவும் இருந்தது. நாடு முழுவதும் 4,87,803 பேர் அந்தப் பிரிவில் பதிவானார்கள். கர்நாடகத்தில் 20,266 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். வெளியே சொல்லத் துணியாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து வீட்டை விட்டு வெளியேறும் திருநங்கையர் பலருக்குப் பெங்களூர் ஒரு புகலிடமாக இருந்து வந்திருக்கிறது. நாமக்கல் பகுதியில் பிறந்த எழுத்தாளர் அ. ரேவதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டெல்லி, மும்பை என்று அலைந்தவர், பெங்களூரில் “ஹமாம்” எனப்படும் குளியல் இல்லங்களில் வாழ்ந்தார். அடுப்பு மூட்டி வெந்நீர் தரும் இந்த இடங்களே இந்நகரில் திருநங்கையருக்கு வீடாகவும் இருந்தன. பின்னர் 1999-ம் ஆண்டு தொடங்கப்பட்ட “சங்கமா” என்னும் அமைப்பில் அவர் பணியாற்றினார். அவருடைய வாழ்க்கை வரலாறு 2010-ம் ஆண்டு ஆங்கிலத்திலும், 2011-ம் ஆண்டு “வெள்ளை மொழி” என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்தது.

இந்நகரம் அவர்களை அன்போடு மட்டும் நடத்தியது என்று சொல்லிவிட முடியாது. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை 2003-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பெங்களூரில் திருநங்கையர் அனுபவித்த அடி உதைகளையும் அவமானங்களையும் விரிவாகப் பதிவு செய்தது. 2011-ம் ஆண்டு கர்நாடக போலீஸ் சட்டத்தில் 36-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சந்தேகத்துக்கு உரிய திருநங்கையரின் பெயர்களைப் பதிவேட்டில் குறித்து வைக்கப் போலீசுக்கு அது அதிகாரம் தந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போன பிறகே அந்த வாசகம் திருத்தப்பட்டது.

சட்டம் திறந்த கதவு

2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி ஆகியோர் திருநங்கையரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தனர். அரசியல் சட்டம் எல்லாருக்கும் தரும் அடிப்படை உரிமைகள் இவர்களுக்கும் உண்டு என்று அறிவித்தனர். 2019-ம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 2021-ம் ஆண்டு கர்நாடக அரசு தன் பணி நியமனங்களில் இவர்களுக்கு 1 சதவீத இடஒதுக்கீடு வழங்கியது. நாட்டிலேயே இதைச் செய்த முதல் மாநிலம் கர்நாடகம்தான்.

ஆக, நீதிமன்றத்தின் கதவு திறந்தது. சட்டமன்றத்தின் கதவும் ஓரளவு திறந்தது. கோவில் கதவு?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெங்களூரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1910-ம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. தென்னிந்தியாவின் ஆயர்களில் பலர் இங்கே படித்துப் பட்டம் பெற்றவர்கள். குருக்களை உருவாக்கும் கத்தோலிக்கக் குருமடங்களும் இங்கே உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேதாகமத்தை அச்சிட்டு வழங்கும் இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில்தான் அமைந்திருக்கிறது.

ஒரு சொல்லின் கதை

வேதாகமம் என்றதும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தில் எத்தியோப்பியர் ஒருவரின் கதை வருகிறது. கந்தாகே என்னும் அரசியின் கருவூலத்துக்கு அவர் பொறுப்பாளர். எருசலேமில் வழிபட்டுவிட்டுத் தேரில் ஊர் திரும்புகிறார். வழியில் பிலிப்பு அவரைச் சந்தித்து வேதத்தை விளக்குகிறார். தண்ணீரைக் கண்டதும், தாம் ஞானஸ்நானம் பெறத் தடை ஏதும் உண்டா என்று அவர் கேட்கிறார். தேர் நிற்கிறது. இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை இது. “எத்தியோப்பிய மந்திரி” என்றே அவரைத் தமிழ்ச் சபைகள் அறியும். சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவரை “மந்திரி” என்றே அழைக்கிறது.

ஆனால் கிரேக்க மூலத்தில் இந்த அதிகாரத்தில் ஐந்து இடங்களில் அவரைக் குறிக்கும் சொல் “யூனுகோஸ்”. விதை நீக்கப்பட்டவர் என்பது அதன் வழக்கமான பொருள். இதே சொல் மத்தேயு 19-ம் அதிகாரத்தில் இயேசுவின் வாயில் வரும்போது, அதே தமிழ் மொழிபெயர்ப்பு “அண்ணகர்” என்று சரியாகத் தருகிறது. அண்ணகர்களில் பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள், மனிதர்களால் அப்படி ஆக்கப்பட்டவர்கள், பரலோக ராஜ்யத்துக்காக அப்படி ஆகிக்கொண்டவர்கள் என மூன்று வகையினரை இயேசு அங்கே குறிப்பிடுகிறார்.

ஓரிடத்தில் அண்ணகர், இன்னோரிடத்தில் மந்திரி. மூலத்தில் இரண்டும் ஒரே சொல்!

மொழிபெயர்த்தவர்கள் மீது பழி போட வேண்டியதில்லை. பண்டைய அரண்மனைகளில் உயர் பதவி வகித்தவர்கள் பலர் அண்ணகர்களே. அதனால் அந்தச் சொல்லுக்கு அரண்மனை அதிகாரி என்ற பொருளும் ஏற்பட்டது. ஆனால் விளைவு என்ன? சபையில் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர், உடலால் மற்றவர்களைப் போல் இல்லாத ஒருவர் என்ற செய்தி, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சபையாரின் காதில் விழவே இல்லை.

அந்தச் செய்தியின் கனம் பழைய ஏற்பாட்டோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும். உபாகமம் 23-ம் அதிகாரம் விதை நசுக்கப்பட்டவரைச் சபைக்குள் வர விடுவதில்லை. ஏசாயா 56-ம் அதிகாரமோ அதற்கு மாறாகப் பேசுகிறது. பிள்ளை இல்லாத அண்ணகர் தம்மைப் பட்டுப்போன மரம் என்று எண்ண வேண்டாம். கடவுளின் வீட்டில், அதன் மதில்களுக்குள்ளே, மகன் மகள் பெயரைக் காட்டிலும் மேலான பெயர் அவருக்குக் கிடைக்கும் என்கிறது. அந்த எத்தியோப்பியர் தேரில் படித்துக்கொண்டிருந்தது ஏசாயாவின் 53-ம் அதிகாரம். சுருளை இன்னும் கொஞ்சம் விரித்திருந்தால் தமக்கான வாக்குறுதியையே அவர் படித்திருப்பார்!

மூன்று பார்வைகள்

இத்தனையும் சொன்ன பிறகும், கிறிஸ்தவர்கள் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. இன்று பொதுவாக மூன்று பார்வைகள் இருக்கின்றன.

முதலாவது, படைப்பின் ஒழுங்கை முன்வைக்கும் பார்வை. கடவுள் மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்கிறது ஆதியாகமம் முதல் அதிகாரம். ஆண் பெண்ணின் உடையையும், பெண் ஆணின் உடையையும் அணியக் கூடாது என்கிறது உபாகமம் 22-ம் அதிகாரம். அண்ணகர் என்பவர் உடல் குறைக்கப்பட்டவர். அவரையும் இன்றைய திருநங்கையரையும் ஒன்றாகக் கருதுவது சரியல்ல என்பது இவர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அண்ணகர், திருநங்கை என்ற இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. 2017-ம் ஆண்டு அமெரிக்காவில் சுவிசேஷ சபைத் தலைவர்கள் வெளியிட்ட நாஷ்வில் அறிக்கை இந்தப் பார்வையைத் திட்டவட்டமாக எடுத்துரைத்தது. பெங்களூரின் சுவிசேஷ, பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவற்றின் போதனையும் இதை ஒட்டியதே.

இரண்டாவது, கத்தோலிக்கத் திருச்சபையின் பார்வை. பாலினத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற கருத்தை ரோமாபுரி ஏற்கவில்லை. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வத்திக்கான் வெளியிட்ட மனித மாண்பு பற்றிய ஏடு, பாலின மாற்றச் சிகிச்சை மனிதருக்குப் பிறவியில் கிடைத்த மாண்புக்கு ஆபத்தாகக்கூடும் என்று கூறியது. பிறவியிலேயே பாலுறுப்புக் குறைபாடு உள்ளவர்கள் பெறும் சிகிச்சைக்கு மட்டும் விலக்குத் தந்தது.

ஆனால் அதே வத்திக்கான், அதற்குச் சுமார் ஐந்து மாதங்களுக்கு முன்பு இன்னொரு பதிலையும் தந்திருந்தது. திருநங்கை ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்று பிரேசில் நாட்டு ஆயர் ஒருவர் கேட்டார். மற்றவர்களைப் போலவே கொடுக்கலாம். விசுவாசிகளிடையே இடறலோ குழப்பமோ ஏற்படாதபடி பார்த்துக்கொண்டால் போதும் என்று 2023 அக்டோபர் 31-ந் தேதி போப் பிரான்சிஸ் ஒப்புதலோடு பதில் போயிற்று. 2025 ஏப்ரல் 26-ந் தேதி அந்தப் போப்பின் உடல் அடக்கத்துக்காக புனித மரியாள் பேராலயம் வந்தபோது, கையில் வெள்ளை ரோஜாவுடன் படிக்கட்டில் நின்று வரவேற்ற ஏழை எளியவர்களில் திருநங்கையரும் இருந்தார்கள்.

கோட்பாட்டில் கண்டிப்பு; வாசலில் கனிவு. இதுதான் ரோமாபுரியின் இன்றைய நிலை எனலாம்.

மூன்றாவது, முழு மனதோடு ஏற்கும் பார்வை. இங்கிலாந்துத் திருச்சபை 2018-ம் ஆண்டு டிசம்பரில் தன் குருமாருக்கு ஒரு வழிகாட்டுதலை அனுப்பியது. பாலினம் மாறியவர்கள் தங்கள் ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதிய பெயரில் சபையின் முன் புதுப்பித்துக்கொள்ள அது வழிகாட்டியது. 1947-ம் ஆண்டு உருவான தென்னிந்தியத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் அங்கம். ஆனால் ஒரு திருச்சபையின் முடிவு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் நடந்தவை

இந்தியத் திருச்சபைகள் கைகட்டி நிற்கவில்லை. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு அருகே உள்ள நத்தம் என்ற ஊரில், இந்திய சுவிசேஷ திருச்சபை பாரதி என்ற திருநங்கையைப் போதகராக அமர்த்தியது. நாட்டின் முதல் திருநங்கைப் போதகர் என்று 2010-களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. பிரசங்க பீடத்தில் ஒரு திருநங்கை நின்றதால் சபை கலைந்து போய்விடவில்லை.

2016-ம் ஆண்டு அக்டோபரில் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணி அமைப்பான காரித்தாஸ் இந்தியா, திருநங்கையருக்கு உதவும் பணியில் இறங்கப் போவதாக அறிவித்தது. பாலின மாற்ற அறுவைச் சிகிச்சையைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்றும் உடனே கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் கொச்சியில் திருநங்கையருக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதற்குக் கட்டிடம் கொடுத்து உதவியவர்கள் கர்மேல் சபைக் கன்னியர்கள். 2018-ம் ஆண்டு கேரளத்தின் மார்த்தோமா திருச்சபை, பேராயர் ஜோசப் மார்த்தோமா காலத்தில், திருநங்கையருக்காக “நவோதயா” என்ற இயக்கத்தைத் தொடங்கியது.

பேராயர்களும் கன்னியர்களும் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஒரு திருநங்கைக்குப் பேராயர் அளிக்கும் ஆசீர்வாதத்தை விட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் சற்று நகர்ந்து இடம் கொடுப்பது பெரிது.

ஜெபத்தால் மாற்றலாமா?

இங்கே ஒரு வேதனையான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மகனிடம் பெண்மையோ மகளிடம் ஆண்மையோ தெரிந்தால், கிறிஸ்தவப் பெற்றோர் பலர் முதலில் அழைத்துப் போவது ஜெபக் கூட்டத்துக்கு. அசுத்த ஆவி என்று சொல்லி அதைத் துரத்த உபவாசம் இருக்கிறார்கள். அதில் பலன் காணாதபோது மருத்துவரிடம் கொண்டுபோய், எப்படியாவது மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். பெற்றோரின் கண்ணீர் உண்மையானது. ஆனால் பிள்ளை அந்தக் கண்ணீரிலிருந்து கற்றுக்கொள்வது, கடவுளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்பதைத்தான்.

இது நோய் அல்ல என்று மருத்துவ உலகம் சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டு ஏற்கப்பட்டு 2022-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய நோய்ப் பட்டியலில், உலக சுகாதார நிறுவனம் இதை மனநோய்களின் வரிசையில் இருந்து நீக்கிவிட்டது. 2021-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையவர்களைச் சிகிச்சையால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக 2022-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், அப்படிப்பட்ட சிகிச்சை அளிப்பது மருத்துவருக்கு உரிய ஒழுக்கத்தை மீறிய குற்றம் என்று அறிவித்தது.

மருத்துவரைக் கட்டுப்படுத்தும் விதி போதகரைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை வீட்டை விட்டு ஓடுவதா, வீட்டிலேயே இருப்பதா என்பது பல நேரங்களில் போதகர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது. “ஐயர் சொன்னால் அப்பா கேட்பார்” என்பது தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் உண்மை. அடிக்காதீர்கள், விரட்டாதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள் என்று போதகர் சொல்ல, எந்தக் கோட்பாட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

சபைக் கமிட்டி என்ன செய்யலாம்?

இறையியல் அறிஞர்களின் விவாதம் இன்னும் பல்லாண்டு நடக்கும். நடக்கட்டும். ஆனால் அதுவரை வாசலில் நிற்பவர் அங்கேயே நிற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. முதல் பார்வையை உடையவர்களும் மூன்றாம் பார்வையை உடையவர்களும் சண்டை இல்லாமல் ஒத்துப்போகக்கூடிய காரியங்கள் சில உண்டு.

குடும்பமாக வருபவர் குடும்பத்தோடு உட்காரட்டும். தனியாக வருபவர் விரும்பிய இடத்தில் உட்காரட்டும் என்று முடிவு செய்துவிட்டால் இருக்கைப் பிரச்சினை தீர்ந்தது. கேலி செய்பவர்களை மூப்பர்கள் கண்டிக்கலாம். திருநங்கையைத் திருநங்கை என்றும், திருநம்பியைத் திருநம்பி என்றும் அழைக்கப் பழகலாம். தெருவில் கேட்கும் இழிசொல்லுக்குக் கோவில் வளாகத்தில் என்ன வேலை? வேலை கேட்டு வருபவருக்குச் சபை நடத்தும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ தகுதிக்கேற்ற இடம் தரலாம். பெங்களூரில் கிறிஸ்தவ நிறுவனங்களுக்குக் குறைவில்லை.

கல்லறை விஷயமும் அப்படித்தான். சந்தா பாக்கி, குடும்ப அட்டை, உறுப்பினர் எண் என்று எத்தனையோ விதிகள் இருக்கின்றன. வீட்டை விட்டு விரட்டப்பட்டவருக்குக் குடும்ப அட்டை ஏது? ஞானஸ்நானம் பெற்றவர் என்ற ஒன்றே போதும் என்று சபைக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், சாகும்போதாவது ஒருவர் அநாதையாகப் போக மாட்டார்.

கடைசியாக, பெயர். ஆட்சேபம் அதிகம் எழுவது இங்கேதான். பழைய ஞானஸ்நானப் பதிவை அழிக்க முடியாது என்பார்கள். அழிக்க வேண்டாம். நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். ஆனால் உறுப்பினர் பட்டியல் வேறு ஏடு. திருமணத்துக்குப் பிறகு பெண்ணின் பெயரையும், அரசிதழில் பெயர் மாற்றியவரின் பெயரையும் சபைச் செயலாளர்கள் அதில் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறார்கள். அரசாங்கச் சான்றிதழோடு வரும் திருநங்கையின் பெயரைத் திருத்துவதற்கும் அதே பேனா போதும்.

கடவுளின் வீட்டில் அண்ணகருக்கு ஒரு பெயர் உண்டு என்று ஏசாயா எழுதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெயரை ஏட்டில் எழுதும் வேலைதான் பாக்கி.